சப்பாத்தி இல்லாத ஏழு ராத்திரி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றபடி பெருங்காய டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே என் மனைவி ரோஸ்லின். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவள் வெளியே வருகிற வழியாக இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் அவளுக்கு. வேறு யாராவது என்றால் ஒரு இடத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டிருப்பார்கள். எனக்கு உட்காரத் தெரியாது. ஹாலுக்கும் பாத்ரூமுக்குமாக நடந்தேன். கையில் கிடைத்த டப்பாவை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். பெருங்காய டப்பாவின் பின்னால், எறும்பு சைஸ் எழுத்தில் — கோதுமை மாவு!

"ரோசி, கண்டுபிடிச்சிட்டேன்!"

"கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்..." என்று குரல் மட்டும் வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லின் ரொம்ப நாளாக இளைத்துக்கொண்டே வந்தாள். ரத்தம் இல்லை, தெம்பு இல்லை, எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்புசம். ஸ்கோப் விட்டுப் பார்த்த டாக்டர், கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவளுக்கு ஆகவில்லை, குடல் புண்ணாகிக் கிடக்கிறது என்றார். சப்பாத்தி, ரவை, மைதா, பிரெட்... துளிகூடக் கூடாது. ஆயுசுக்கும்.

எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்தி நுழைந்ததே என் சர்க்கரையால்தான். "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு எதுக்குங்க ரெண்டு சமையல்?" என்று அவளும் அதையே சாப்பிட்டாள். கொள்ளேகால் பக்கம் மார்டள்ளிக் கிராமத்துக்காரி, களியும் சோறும் தின்று வளர்ந்தவள். என் வியாதிக்கு அவள் பத்தியம் இருந்திருக்கிறாள்! அதனால் வந்த நோய் இல்லை என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். மனசு கேட்கிறதா?

அன்றைக்கே அறிவித்துவிட்டேன் — இனி ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. ரிட்டயர் ஆனவனுக்கு மைசூர் விஜயநகரில் வேறென்ன வேலை?

குளூட்டன் இல்லாத மாவு என்று கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். எதற்கு? நம் சாப்பாட்டில் முக்கால்வாசிக்குக் கோதுமை என்றால் என்னவென்றே தெரியாதே! திங்கள் ராகி முத்தே, அதாவது களி உருண்டை, கீரை மசியல். மறுநாள் அரிசி மாவில் தட்டுகிற அக்கி ரொட்டி. மைசூரில் இத்தனை வருடம் குப்பை கொட்டிவிட்டு அக்கி ரொட்டி தட்டத் தெரியாவிட்டால் எப்படி? முதல் ரொட்டி தவாவை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டோம். புதன் அடை, வியாழன் இட்லி. வெள்ளி மீன் குழம்பும் சோறும், எனக்கு மட்டும் சோறு கம்மி, காய் அதிகம். சனி இடியாப்பம், கடலைக் குழம்பு. ஞாயிறு தோசை, கோழிக் குழம்பு. அவ்வளவுதானே வாரம்?

அவ்வளவுதான். ஆனால் என்னால் அதோடு நிற்க முடியவில்லை. மில்லில் ராகி அரைக்கப் போனேன். எனக்கு முன்னால் அரைத்தது கோதுமை. தூக்குவாளியோடு திரும்பி வந்து மிக்ஸியில் போட்டேன். மிக்ஸி புகைந்தது. சப்பாத்திக் கட்டையைப் பரணில் போட்டேன். வாரக் கடைசியில் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, பாத்ரூம்.

அடுத்த திங்களும் அப்படியே. மற்ற நாளெல்லாம் நன்றாக இருப்பவளுக்குத் திங்கள் மட்டும் என்ன கேடு? அப்போதுதான் இந்தப் பெருங்காயக் கண்டுபிடிப்பு. ஒரு வாரம் பெருங்காயமே போடாமல் ரசம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு மசாலா பாக்கெட்டை நிறுத்திவிட்டு நானே வறுத்து அரைத்தேன். மறுபடியும் திங்கள். அதே கதவு, வெளியே அதே நான்.

அதற்கடுத்த ஞாயிறு, கோயிலில் பூசை. நற்கருணை அப்பம் வாங்க ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் முதலில் வாங்கிவிட்டுத் திரும்பி நடக்கிறேன். எதிர் வரிசையில் ரோஸ்லின் கைகூப்பி நிற்கிறாள். என் நாக்கில் அப்பம் கரைந்துகொண்டிருந்தது. மெல்லிசாக, வெள்ளையாக... இது என்ன மாவு?

அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், அந்த அப்பம் கோதுமை மாவுதானே என்று கேட்டேன். அவள் முக்காட்டை மடித்தபடி சொன்னாள். "தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

"பன்னை விட்டேன், கேக்கை விட்டேன், பிஸ்கட்டை விட்டேன். ஒரு வார்த்தை சொன்னேனா? இதை விடமாட்டேன்."

"அப்ப லைன்ல போகாதே ரோசி. உக்காந்தே ஜெபம் பண்ணு."

"எல்லாரும் போறப்ப நான் மட்டும் பெஞ்சுல உக்காந்தா? என்ன பாவம் பண்ணாளோன்னு கோயிலே திரும்பிப் பாக்கும். நானே மத்தவங்களை அப்படிப் பாத்திருக்கேங்க." பிறகு அழுதுவிட்டாள். "ஆண்டவரை வாங்காம வர்றதுக்கு நான் எதுக்கு அங்க போகணும்?"

சப்பாத்திக் கட்டையைப் பரணில் போடலாம். இதை எங்கே போடுவது?

சாயந்திரமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். கொள்ளேகால் பக்கத்துக்காரர். கோதுமை இல்லாத அப்பத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன்.

"இல்லீங்க. கோதுமைதான் சட்டம்."

எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க சார், முடிக்க விடுங்க. அப்பத்துல பாதி, திராட்சை ரசத்துல பாதின்னா ஆண்டவர் இருக்கார்? ரெண்டுலயும் முழுசா இருக்கார். அம்மாவுக்கு ரசம் மட்டும் குடுத்தாப் போதும். என் கிண்ணத்துல அப்பத் துண்டு போடுவேன், அதனால தனிக் கிண்ணம் வச்சிடறேன். வரிசையில கடைசியா வரச் சொல்லுங்க."

இவ்வளவுதானா?

போன ஞாயிறு அவள் கடைசி ஆளாகப் போனாள். ஃபாதர் ஒயின் ஊற்றிய சின்னக் கிண்ணத்தை நீட்டினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. ரோஸ்லின் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை காலை, பழக்க தோஷத்தில் பாத்ரூம் கதவருகே போய்க் காதை வைத்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கூடவே பாட்டு. சுருதி சேரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அங்க என்னங்க பண்றீங்க? போய்க் காபி போடுங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு!"

போட்டேன்.

இப்போது ஒரே ஒரு சிக்கல். விஷயம் பரவி, எங்கள் பங்கில் மூன்று ஆண்களுக்குத் திடீரென்று கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஃபாதர் ஸ்கோப் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்.