கடைசி வரிக்கு முன் ஒரு ஹோல்ட்

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், போட்டோகொப்பி எடுத்து போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் கிருஷாந்தினி அக்கா வேலை செய்கிறார். என் பெரியப்பா மகள். பல்லேபொலையில் இருக்கும் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மெதடிஸ்த சபை. பெரியப்பா சுந்தரலிங்கம் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

எங்கள் ஆலயம் வார நாட்களில் பூட்டியிருக்கும். டவுனில் கத்தோலிக்கக் கோவில் திறந்திருக்கும். பகல் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் அமைதியாக உட்காரத்தான் அக்கா அங்கே போகத் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து, தான் கத்தோலிக்கத்தில் சேரப்போவதாக வீட்டில் சொன்னார். காதலும் இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. அதனால்தான் யாருக்கும் புரியவில்லை.

"மாதாவோட நம்பர் இருந்தா குடுக்கா, நான் ரீலோட் போட்டு விடுறேன்" என்றான் அவருடைய தம்பி வினோஜன்.

"ஒனக்கே நான்தானேடா போட்டு விடுறேன்" என்றார் அக்கா.

அக்காவிடம் எனக்குப் பிடித்தது இதுதான். செபமாலையை அவர் மறைக்கவும் இல்லை, அதைக் காட்டி யாரையும் மடக்கவும் இல்லை. மாலையில் வீட்டு ஜெபத்துக்கு எப்போதும்போல் பாயில் வந்து உட்காருவார். பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

பெரியப்பா சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மறுபடி ஞானஸ்நானம் குடுப்பாங்களா? கைக்குழந்தையா ஒன்ன நான்தான் தூக்கிக் குடுத்தேன். அது செல்லாதுன்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

அப்பா வராத ஒரு நாளை அக்காவால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. மறுநாளே பாதரிடம் போய்க் கேட்டு வந்தார்.

"ஒருக்கா எடுத்தது போதுமாம் அப்பா. நீங்க தூக்கிக் குடுத்ததுதான் எப்பவும். நெத்தியில எண்ணெய் மட்டும் பூசுவாங்க."

அக்கா சேரும் நாள் பூசைக்குப் பெரியப்பா வந்தார். கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா முன் வாங்கில் இருந்தார். எண்ணெய் பூசி முடிந்து, பூசையில் கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. தனக்குத் தெரிந்த ஜெபம் என்பதால் பெரியப்பா தைரியமாகச் சேர்ந்துகொண்டார். தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதும் கோவில் முழுவதும் நின்றுவிட்டது. எங்கள் வழக்கத்தில் அதற்குப் பிறகு, ராஜ்யமும் மகிமையும் கடவுளுடையவை என்று இன்னும் ஒரு வரி உண்டு. பெரியப்பாவின் குரல் மட்டும் அந்த வரிக்குள் போனது. தலைகள் திரும்பின. அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

முன் வாங்கிலிருந்து அக்காவின் குரல் அதே வரியைப் பிடித்து, அவசரப்படாமல், கடைசி வரைக்கும் சொல்லி முடித்தது. அத்தனை பேருக்கு முன்னால், அவருக்காகவே நடந்த பூசையில்.

பாதர் சிறிது காத்திருந்து, தான் சொல்ல வேண்டிய சின்ன மன்றாட்டைச் சொன்னார். அது முடிந்ததும் சபை முழுவதும் அதே வரியைக் கொஞ்சம் வேறு சொற்களில் சொன்னது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்ததும், "அப்பா அட்வான்ஸா சொல்லிட்டாரு" என்றான் வினோஜன்.

பெரியப்பா அவனைக் கவனிக்கவில்லை. "நம்ம வரி இவங்ககிட்டயும் இருக்கே" என்றார் அக்காவிடம்.

"நடுவுல ஒரு ஹோல்ட் இருக்கு அப்பா. பஸ் அங்க கொஞ்சம் நின்னுட்டுப் போகும்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

அன்று மாலை வீட்டு ஜெபத்தில் அந்த இடம் வந்ததும் பெரியப்பா நிறுத்தினார். அக்காவும் நின்றார். வினோஜன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாகக் கடைசி வரிக்குள் போய்விட்டான்.