பட்ட தண்டில் பூத்த பூக்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

யாழ்ப்பாணத்து மாரிப் பயிருக்கு இடுவதுபோல், கனடாவில் எங்கள் அஜின்கோர்ட் வீட்டுப் பிளாக்பெரிப் பழச்செடிக்கும் புரட்டாதியில் எரு இட்டேன். தண்டுகள் முற்றாமல் தளதளத்து நிற்கையில் உறைபனி வந்துவிட்டது. ஆயினும் வசந்தத்தில் அவை தளிர்த்து, வெள்ளையாகப் பூத்தன.

என் மனைவி நகத்தால் ஒரு தண்டின் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே மண்ணிறம்.

“இஞ்சேருங்கோ, உது செத்துப் போச்சு.”

“செத்தது பூக்குமோ?”

“அதுதான் பயமாயிருக்கு. கிண்டி எறியுங்கோ.”

முதல் வெக்கை நாளில், காற்றே இல்லாதபோது, இலையும் பூவும் ஒருசேரத் துவண்டு தொங்கின. பட்ட தண்டில் மிஞ்சியிருந்த சத்தில்தான் அவை பூத்திருந்தன. மண்வெட்டியை ஓங்கினேன். அடியில் மண்ணைப் பிளந்து ஒரு பச்சை முளை நின்றது, வேர் சாகவில்லை. கையை நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஆடிக்குப் பின் எரு இடுவதில்லை. குளிருக்கு முன்பே தண்டுகளை நிலத்தில் சாய்த்து, வைக்கோலால் மூடிவிடுகிறேன். செடி வளர்ப்போர் இவ்வனுபவத்தைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டுகிறேன்.