அண்ணன் பெயரில் நுழைந்த பிரிண்டர்

வெனெத்தா அக்கா பென்சிலால் 'மறக்க முடியாத' என்ற சொல்லை வெட்டினார். இறந்த அப்பாவுக்கான நினைவு வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருந்த பெண் முகம் சுளித்தாள்.

"எல்லாரும் மறக்க முடியாதவங்கதான் கண்ணு. உங்கப்பா என்ன செய்வாரு, அதச் சொல்லு."

"மீன் பிடிக்கப் போவாரு. ஒண்ணும் மாட்டாது."

"அப்பிடிச் சொல்லு! அதைப் போடுவோம்."

எங்கள் ஊரான லோவெச்சில் ஒருவர் போய்விட்டால் வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுகிற நினைவுத் தாள்களெல்லாம் அக்காவின் கடையில்தான் அச்சாகின்றன. ஒரு தடவையோடு முடிவதில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு, பத்தாண்டு என்று குடும்பங்கள் திரும்பத் திரும்ப வரும். பக்கத்துப் பூக்கடை என்னுடையது. போனவர்களுக்கு, இங்குள்ள வழக்கப்படி, இரட்டைப்படை எண்ணிக்கையில் பூக் கட்டுவது என் வேலை; வாசகம் கட்டுவது அவர் வேலை.

அவருடைய கணினிக்கு இருபத்தைந்து வயதாகிறது. வெள்ளை நிறம் போய், காப்பி குடிப்பவர்களின் பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து எதையும் அழிக்க மாட்டார். அவர் மகள் ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தாள். பழைய கோப்புகள் அதில் திறக்கவில்லை. "நல்ல புள்ளதான். ஆனா அதுக்கு ஊர்ல ஒருத்தரையும் தெரியாது" என்று சொல்லி, அதை மூடி அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்துப் பிரிண்டர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணுவேன். இருபது தாளென்றால் சின்னக் குடும்பம். எழுபதைத் தாண்டினால் போனவர் பள்ளி ஆசிரியராக இருப்பார், அல்லது மருத்துவச்சியாக. அதற்கேற்ப வாளியில் பூவை நனைத்து வைப்பேன்.

போன மார்ச்சில் அது நின்றுபோனது. அக்கா புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பழையதன் இணைப்பு உள்ளங்கை அகலம், இரண்டு பக்கமும் திருகாணி. புதியதற்கு விரல் நகம் அளவில் யுஎஸ்பி முனை. கணினியின் முதுகில் அதற்கு ஒரே ஒரு துளை இருந்தது. அதுவரை யாரும் தொட்டதில்லை. தூசியை ஊதிவிட்டுச் சொருகினார். 'அறியாத சாதனம்' என்றது திரை. கூட வந்த சிடியோ, இவ்வளவு பழைய கணினியில் ஏற மாட்டேன் என்றது. சந்தைக் கடைக்காரன் விற்ற மாற்றுக் கம்பி, பழைய பிரிண்டரைப் புதுக் கணினியோடு சேர்க்க மட்டுமே உதவுமாம்.

"ஒருவழிப் பாதையாம், போ!" என்று அதை மூலையில் எறிந்தார்.

அந்த நேரம் பார்த்து மெத்தோடி வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவர் மனைவி நெவெனா போய்ப் பத்து வருடம்; அதற்கான தாள் கேட்டு வந்திருந்தார்.

"வேற படம் வீட்ல இல்லியா, மெத்தோடி அண்ணே?" என்று அக்கா கேட்டார்.

"நிலவறையில தண்ணி பூந்தப்பவே ஆல்பம் கூழாப் போச்சும்மா. உன் பெட்டிக்குள்ள இருக்கறவதான் கடைசி நெவெனா."

அக்கா எழுந்துபோய்க் கடைக் கதவைத் தாழிட்டார். பிறகு இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தார். யார் தூக்கி எறிந்த சிடியையும் எடுத்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம். அரை மணி நேரம் தேடியதில், இதே கம்பெனியின் பழைய பிரிண்டருக்கான சிடி ஒன்று கிடைத்தது.

"ஏ பூக்காரி, கம்பிய உருவு! முதல்ல ஆளை அறிமுகப்படுத்தணும், அப்புறந்தான் கை குடுக்கணும்."

நான் உருவினேன். சிடி முனகிக்கொண்டு சுற்றியது. திரையில் வந்த பட்டியலில் ஒரு பழைய மாடலைத் தேர்ந்தெடுத்தார். "இப்பச் சொருகு." முதல் தாள் முழுக்க வெறும் கோடுகள். மெத்தோடி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவன் இல்ல. இவனுக்கும் மூத்தவன் ஒருத்தன் இருக்கான்." அக்கா பட்டியலில் ஒரு வரி மேலே போய் மறுபடி அழுத்தினார்.

பிரிண்டர் யோசித்தது. பின், தாள் அசைந்தது. முதலில் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி, பிறகு நெவெனா முழுவதுமாக வந்தார்.

"அண்ணன் பேரச் சொல்லித் தம்பிய உள்ள விட்டாச்சு!" என்று அக்கா தொடையைத் தட்டினார்.

பழைய பிரிண்டர் எப்போதும் அந்த முகத்தை மையில் மங்கடித்துவிடும். இதில் முன்பற்களுக்கு நடுவே இருந்த சிறு இடைவெளிகூடத் தெரிந்தது. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எங்க? எங்க தெரியுது?" மெத்தோடி தாளை மூக்கருகே கொண்டுபோனார், கை நீளத்துக்குத் தள்ளிப் பார்த்தார். "என் கண்ணாடி வீட்ல கெடக்கே, அம்மா..."

வெனெத்தா அக்கா தன் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் ஓரத்தில் துடைத்து, அவர் மூக்கின்மேல் மெதுவாக வைத்தார்.