பெட்டியைப் பூட்டிய பிறகு பொட்டு

அந்த வருஷம் இரண்டு நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டேன். இரண்டிலும் ஒழுங்காகக் கரையைத் தொட்டேன். இரண்டிலும் நான் நீந்தியது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கால்களும் தவளைக்கு விரிகிற மாதிரி ஒரே அளவில் விரிந்து ஒன்றாகச் சேர வேண்டும். என் வலது கால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுகிறதாம். குளத்தோரம் கூடவே நடந்து வந்த நடுவர் கையைத் தூக்கினார், கதை முடிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கால் எனக்குத் தெரியாதா? மேலேயிருந்து அலையைப் பார்க்கிற மனுஷனுக்குத்தான் தெரியுமா?

அப்பா ரயில்வே ஆபீஸில் இருந்தார். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் பெண்ணை நீச்சலுக்கு அனுப்பியவர் அவர் ஒருவர்தான். அதற்காக நிறையப் பேச்சும் கேட்டிருந்தார். இரண்டாவது போட்டி முடிந்து வீடு திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"போறும்டி. மைக்ல உன் பேரைச் சொல்லி செல்லாதுங்கறான். நாலு பேர் திரும்பி என்னைப் பாக்கறா. இன்னொரு தரம் போய்ட்டு வா, வேண்டாங்கலை. அன்னிக்கும் கையைத் தூக்கினான்னா நிறுத்திடணும். சரியா?"

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல? அடுத்த போட்டி மழைக்காலம் முடிந்து. அதற்குள் என் காலை நானே என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

செம்பூரில் சித்தப்பா ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மேலிருந்து குனிந்து பார்க்கிற, இரண்டு லென்ஸ் வைத்த கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. கல்யாணம், பூணூல், பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஒன்றில்தான். அதைத் தண்ணீருக்குள் இறக்கிப் படம் எடுக்க வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பைத்தியமாடி நீ? அது கேமரா இல்லை, என் சோறு."

"பெட்டிக்குள்ள வெச்சு இறக்கலாம் சித்தப்பா. வெளிநாட்ல பண்றா, நீங்கதானே படம் காட்டினேள்."

காட்டியவர் அவரே. ஏதோ பழைய பத்திரிகையில் வந்திருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கும் ஆசைதான். மறுநாளே காகிதத்தில் பெட்டி ஒன்றை வரைந்துகொண்டு என்னைத் தாராவிக்கு அழைத்துப் போனார்.

அங்கே பெர்ஸ்பெக்ஸ் என்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகட்டில் கடைப் பெயர்ப் பலகை செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் நடத்தினார். எல்லாருக்கும் அவர் பாய். பாய் வரைபடத்தைத் தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார்.

"தண்ணிக்குள்ள போட்டோவா? யாரை, மீனையா எடுக்கப் போறீக?"

"என் காலை" என்றேன்.

சிரித்துவிட்டு வேலையில் இறங்கினார். தகடுகளை அறுத்து, விளிம்பில் குளோரோஃபார்ம் தடவி ஒட்டினார். அது பெர்ஸ்பெக்ஸைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வெட்டிய ரப்பர் வளையம். மேலே சுற்றிலும் திருகுகள். ஷட்டரை அழுத்த ஒரு பித்தளைக் கம்பி வெளியே வந்தது. அது வருகிற துளையில், குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி எண்ணெய் நூல் சுற்றி இறுக்கினார்.

"ரப்பருக்கு வெளக்கெண்ண மட்டும் தடவுங்க தங்கச்சி. கிரீஸ் கிட்டயே போவப்படாது, ரப்பர் ஊதிரும். திருகை ஒரு பக்கமா முறுக்காதீக. எதிரும் புதிருமா கொஞ்சங் கொஞ்சமா முறுக்கணும். துண்டால தொடைக்காதீக, ஒரு நூலு ஒட்டுனாப் போதும், தண்ணி உள்ள வந்துரும்."

அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து பெட்டி என் பொறுப்பு. வேறு யாரையும் திறக்க விடவில்லை. தலையை வாரி இறுகப் பின்னிக்கொண்டுதான் மூடியில் கை வைப்பேன், ஒரு முடி விழுந்தாலும் வம்பு. அப்பாவின் பழைய மல் வேஷ்டியைக் கிழித்துத் துடைக்க வைத்துக்கொண்டேன். வெறும் பெட்டிக்குள் செய்தித்தாளை வைத்துக் குளியலறைத் தொட்டியில் அமுக்கினேன். சனியன், மிதந்தது. மளிகைக் கடைக்காரர் பழைய சேர் எடைக்கற்களைக் கொடுத்தார். கிலோ வந்த பிறகு அவருக்கு அவற்றால் உபயோகமில்லை. கற்களைக் கட்டியதும் அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் செய்தித்தாள் மொறுமொறுவென்று இருந்தது.

குளத்தில் தண்ணீர் மாற்றியதற்கு மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்னால் எங்களை விடுவதாகக் காவலாளி அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். சித்தப்பா அரை டிராயரோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். பெட்டியை இறக்கினார். நான் இன்னும் ஒரு உதைகூட உதைக்கவில்லை, மூடியின் மூலையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

"ஐயோ, உள்ள தண்ணி!"

பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். நல்லவேளை, கேமரா ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த தோல் மட்டும்தான் நனைந்திருந்தது. சித்தப்பா கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செம்பூருக்கு ரயிலேறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒட்டு நன்றாக இருந்தது, கம்பித் துளையும் நன்றாக இருந்தது. ரப்பரை விரலால் தடவிக்கொண்டே வந்தபோது ஒரு மூலையில் சிவப்பாக ஒரு கோடு. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வந்த வழி அப்படியே சிவந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். குங்குமம்.

"அம்மா!"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில், திறந்து வைத்திருந்த பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். புதுக் குடத்துக்கு வைக்கிற மாதிரி, வாய் விளிம்பில், நாலு பக்கமும். காய்ந்த பொட்டிலிருந்து உதிர்ந்த ஒரு பொடி ரப்பரின் மேல் விழுந்து, நான் அதன்மேல் மூடியை முறுக்கியிருக்கிறேன்.

"புதுசா ஒரு சாமான் வந்தா பொட்டு வெக்காம எப்படிடி எடுத்துண்டு போறது?"

கத்தித் தீர்த்தேன். நான் ஓய்ந்ததும், "சரி, இனிமே நீ பூட்டினப்புறம் வெக்கறேன். மூடிமேல, நட்ட நடுவுல" என்றாள். வைக்காமல் இருப்பது என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் சட்டம்: பூட்டிய பிறகு பொட்டு.

சித்தப்பாவைச் சரிக்கட்டுவதுதான் பாக்கி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்குப் போனேன். குங்குமக் கதையைச் சொன்னேன். அவர் நெகட்டிவில் கண்ணை வைத்தபடியே கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இதை உள்ள வெச்சுப் பூட்டு. சாயங்காலம் வரைக்கும் தொட்டியில கிடக்கட்டும். குச்சி பத்தினா கேமரா. பத்தலைன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

ரப்பரைத் துடைத்து, எண்ணெய் தடவி, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூட்டினேன். பின்பக்கத் தொட்டியில் இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சாயங்காலம் திறந்து தீப்பெட்டியை அவரிடமே நீட்டினேன். முதல் உரசலிலேயே பற்றியது. அதே குச்சியில் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை தண்ணி மாத்தற அன்னிக்குச் சொல்லு" என்றார்.

ஒரு தடவை பூட்டினால் ஒரே ஒரு படம்தான். பிலிமைச் சுற்ற மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையைக் காயவைத்து, துடைத்து, தடவி, எதிரும் புதிருமாக முறுக்கி, மேலே பொட்டு. அதற்காகவே அம்மாவும் குளத்துக்கு வந்தாள். முதல் நாள் எடுத்ததெல்லாம் வெறும் பனிமூட்டம். பம்பாய்க் காற்றின் ஈரம் உள்ளே கண்ணாடியில் படிந்துவிட்டது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் போடுகிற வறுத்த அரிசியை அம்மா ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். அதைக் கேமராவின் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அதோடு மூட்டம் போயிற்று.

அடுத்து எடுத்த படம் சித்தப்பாவின் இருட்டறைத் தட்டில் மெல்லத் தெரிந்தது. முதலில் இடது கால், பாதம் வெளியே திரும்பி, சரியாக. பிறகு வலது. பாதம் நேராக நீட்டிக்கொண்டு, முழங்கால் உள்ளே சரிந்து, சாட்சாத் கத்தரிக்கோல். எத்தனை நாள் அந்த நடுவரைச் சபித்திருப்பேன்! அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இத்தனை நாள் என்னைப் பிடித்துக் கீழே இழுத்தது இன்னதென்று தெரிந்துவிட்டதில் சந்தோஷம்தான் வந்தது.

ஈரம் காயாத படத்தை அப்பாவிடம் காட்டினேன்.

"அப்போ அவன் சொன்னது நிஜம்தான்" என்றார்.

"ஆமாம். ஆனா இப்போ எனக்கும் தெரியும்."

அப்புறம் அந்தப் பாதத்தோடுதான் என் பிழைப்பு. கரையைப் பிடித்துக்கொண்டு உதைத்தேன், வீட்டில் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு உதைத்தேன். தண்ணீர் மாற்றுகிற வாரமெல்லாம் பெட்டி இறங்கியது. குளத்து மருந்துத் தண்ணீர் போக அதை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ரப்பரைத் தனியாகக் கழற்றி வைப்பேன். சாப்பிட மறந்தாலும் அதை மறந்ததில்லை. ஒவ்வொரு படத்திலும் பாதம் கொஞ்சம் திரும்பியிருந்தது. கடைசியில் இரண்டு கால்களும் ஒரே மாதிரி விரிந்த படம் வந்தபோது எது இடது, எது வலது என்று சித்தப்பாவே கேட்டார்.

போட்டியன்று அதே நடுவர்தான். நான் வேகத்தைப் பற்றி நினைக்கவே இல்லை, பாதத்தை மட்டும் நினைத்தேன். மூச்சுக்குத் தலை தூக்கும்போதெல்லாம் குளத்தோரம் அவருடைய வெள்ளைக் காலணி கூடவே வந்தது. அவர் கை கடைசிவரை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் தொட்ட பிறகு கடைசியாகத் தொட்டேன். மைக்கில் என் பெயர் வந்தது. கூடவே என் நேரமும் வந்தது. செல்லாதவர்களுக்கு நேரம் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் எவ்வளவு வேகமாக நீந்துவேன் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது.

அப்பா படியிறங்கி வந்தார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப ஜாஸ்தியா இருக்கேடி, அந்த நேரம்?"

"ஆமாம்பா."

"குறைக்க முடியுமா?"

"முடியும்."

"அப்போ குறை" என்றார்.