நாங்கள் மறைத்த ஆபரேஷனும் ஆண்டவர் தந்த மகளும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் சொந்த அண்ணன் என் மனைவியின் வயிற்றில் உதைத்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சாட்சி என்றால் இனிப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னியுங்கள். நடந்தது இப்படித்தான்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டுகிறவன். எனக்கும் என் மனைவி கிரேசுக்கும் ஒரு மகன், ஒரு மகள் இருந்தார்கள். இருவருமே வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகள். இனி அவள் உடம்பில் கத்தி படக் கூடாது என்று நானே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். தெருவே கேலி செய்தது. அண்ணன் அருள் ஒருவர்தான் முகாமுக்குக் கூட வந்து பக்கத்தில் நின்றார்.

1998-ல் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் நாங்கள் வந்த வேன்மேல் லாரி ஏறியது. ஜன்னலோரம் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்த பிள்ளைகள். அந்தப் பக்கம்தான் நசுங்கியது. கடப்பாரையால் தகரத்தை நெம்பி இருவரையும் எடுத்தார்கள். மகளின் கையைப் பிடித்து இழுத்தவன் நான். அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இருவரையும் அடக்கம் செய்துவிட்டு வந்து வேதப்புத்தகத்தைச் சுவரில் வீசினேன். நீர் இருக்கிறீரா என்று கத்தி, அதே சுவரில் தலையை மோதிக்கொண்டேன். நெற்றி பிளந்தது. கிரேஸ் தன் சேலையைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். பல மாதம் ஓடியது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "அறுத்தத மறுபடி சேக்க முடியுமாம், நர்ஸ் அக்கா சொன்னாங்க" என்றாள்.

வேலூர் போனோம். டாக்டர் மறைக்காமல் பேசினார். "விந்து வர்ற குழாய வெட்டி வருஷக்கணக்காச்சு. சேத்துத் தெச்சிடலாம். உயிரணு வருமான்னு உறுதியா சொல்ல முடியாது."

ஆபரேஷனுக்கு முன்னால் இருவரும் முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை செய்தோம். பிள்ளை கைக்கு வந்து, சபையில் நின்று சாட்சி சொல்லும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை. எங்கள் பக்கத்து விசுவாசிகள் இப்படிச் செய்வதுண்டு. நடுவில் வெளியே சொன்னால் ஜெபம் சிதறிவிடும் என்று ஓர் எண்ணம். நான் காலை அகட்டி நடப்பதைப் பார்த்தவர்கள் குடலிறக்கம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

சில மாதம் கழித்து விந்துவைப் பரிசோதித்தார்கள். ஓர் உயிரணுகூட இல்லை. "சிலருக்கு வருஷம்கூட ஆகும், பொறுங்க" என்றார் டாக்டர். எனக்குப் பொறுமை ஏது? ஜெபம் என்ற பெயரில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். கிரேஸ் உபவாசம் இருந்தாள். அடுத்த பரிசோதனைக்குப் போகும் முன்பே அவளுக்கு வாந்தி வந்தது.

வயிறு தெரியத் தொடங்கியது. ஒரு மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் கூட்டம். உள்ளே அண்ணன் கிரேசின் முடியைக் கையில் சுற்றி, அவள் முகத்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரோடது இது, சொல்டி. என் தம்பிய கேம்புக்கு இட்டுனு போனவனே நான்தான். எனுக்குத் தெரியாதா?"

அவள் பல் உடைந்து ரத்தம் கொட்டியது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருத்தனையைக் காத்தாள். என் கண்ணெதிரே அவர் அவள் வயிற்றில் உதைத்தார்.

பாய்ந்து அவர் கழுத்தை நெரித்தேன். கொன்றே இருப்பேன். பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா உலக்கையோடு ஓடிவந்து எங்கள் இருவர் முதுகிலும் ஓங்கிப் போட்டாள். "புள்ளத்தாச்சிக்கு ரத்தம் போவுது, உங்குளுக்கு இன்னா சண்ட?" என்றாள். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

"நான் மறுபடி ஆபரேஷன் பண்ணிக்கினேன். கொழந்த என்னுது" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். பொருத்தனை உடைந்தது.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. என் வேட்டியெல்லாம் அவள் ரத்தம். ஆண்டவரே, வாயைத் திறந்தது நான், தண்டனை என் உடம்பில் இறங்கட்டும், இன்னொரு சவப்பெட்டியை என்னால் தூக்க முடியாது என்று வழி நெடுகக் கதறினேன்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, "துடிப்பு இருக்கு" என்றார். ஆஸ்பத்திரித் தரையில் விழுந்து அழுதேன். யாரிடமும் வாய் திறக்காத அந்தப் பொருத்தனையை எங்களிடம் கேட்டது ஆண்டவர் அல்ல என்று அன்று புரிந்தது. உடைத்த பிறகும் அவர் கொடுத்தார்.

மகள் பிறந்தாள். என் சாயல் இல்லை, கிரேசின் சாயலும் இல்லை. அச்சு அசல் அண்ணன். எங்கள் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த அதே அகன்ற மூக்கு, அதே கோணல் புருவம். குழந்தையைச் சபையில் ஆண்டவருக்குப் பிரதிஷ்டை செய்த நாளில் அவர் சபையின் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கிரேஸ் நேராக நடந்துபோய்க் குழந்தையை அவர் கையில் வைத்தாள்.

"யாரோடதுன்னு நல்லா பாத்துக்குங்க, மாமா."

அவர் அந்த முகத்தைப் பார்த்தார். குழந்தையோடு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதார்.

பிரியமானவர்களே, இதே ஆபரேஷன் செய்தும் பிள்ளை வராதவர்களை எனக்குத் தெரியும். அவர்களை ஆண்டவர் மறந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பாரத்தைப் பூட்டி வைக்காதீர்கள். அவரிடம் கத்துங்கள், தாங்குவார். கூட இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். இன்று எங்கள் மகள் பெரியப்பா தோளில் ஏறித்தான் சபைக்கு வருகிறாள். கிரேஸ் மட்டும் இன்னும் அவர் இருக்கும் வரிசையில் உட்காருவதில்லை. பிள்ளையைத் தந்தவர் அவள் மனதையும் ஆற்றுவார் என்று நம்பி எங்களோடு ஜெபியுங்கள்.