வெயில் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது

கார்த்திகையில் மறைந்த சூரியன் பங்குனி முடியும்வரை எங்கள் பக்கம் தலைகாட்டவே இல்லை. பிராங்பேர்ட்டுக்கு வந்து எத்தனையோ குளிர்காலங்களைப் பார்த்துவிட்டேன். குளிர் எனக்குப் பெரிய விஷயமில்லை, உடுப்புக்கு மேல் உடுப்பைப் போட்டால் சமாளிக்கலாம். அந்தச் சாம்பல் வானத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. காலை எட்டு மணிக்கும் லைட்டைப் போட்டுத்தான் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டும். பின்னேரம் நாலரைக்கு மறுபடியும் இருட்டு.

கடந்த குளிர்காலம் என்னை விழுத்திவிட்டது. காலையில் எழும்ப முடியவில்லை. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். போர்வையை விலக்கச் சொன்னால் கை கேட்காது. கணவர் வேலைக்குப் போனபின் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காரணமில்லாமல் அழுகை வரும். டொக்டர் மாத்திரை எழுதித் தந்து, தினமும் வெளிச்சத்தில் நடக்கவும் சொன்னார். இங்கே பலருக்கும் குளிர்காலத்தில் வருவதுதான் என்றார். தடிமன் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? இந்த வருத்தத்துக்கு எங்களிடம் ஒரேயொரு பெயர்தான் இருக்கிறது. அதைக் கேட்டால் பிறகு ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், என்னைக் கட்டிலிலிருந்து இறக்கியது மாத்திரை இல்லை, ஒரு மூன்று வயதுப் பெண்பிள்ளை. பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் இளம் தமிழ்த் தம்பதியின் மகள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறவர்கள். பின்னேரம் இரண்டரைக்கு அவளைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டிவந்து ஆறு மணிவரை வைத்திருப்பது என் பொறுப்பு. என் பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இவள் எனக்காகக் காத்திருப்பாள் என்ற நினைப்பில்தான் முகம் கழுவுவேன், தலை இழுப்பேன், சமைப்பேன். அவள் முன்னால் நான் ஒருநாளும் அழுததில்லை. அவள் வந்துவிட்டால் அழவும் தோன்றாது.

நடக்கத் துணைக்கு வந்தவர் எங்கள் மேல்மாடி அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், முழங்கால் வலிக்காக அவரையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் பதினொரு மணிக்குப் பெல் அடிப்பார். தை மாதத்தில் ஒருநாள் ஆற்றங்கரையில் எங்களையும் நாயோடு வந்த ஒரு கிழவரையும் தவிர ஒரு குருவியும் இல்லை. அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினார்.

"என்ர பிள்ளையாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீர் அழாதையும்."

அந்த நிமிடம் அவரை என் கூடப்பிறந்தவர் என்றே நினைத்தேன். அதன்பிறகு ஒன்றையும் ஒளிக்கவில்லை. குசினிக்குள் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றதைக்கூடச் சொன்னேன். அவர் என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. சும்மா வரவில்லை, கண் கூசக் கூச வந்தது. ஐஸ்கிரீம் கடை வாசலில் தெருமுனைவரை வரிசை. தெருவோர வாங்குகளில் சனங்கள் சாய்ந்திருந்து கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கிக்கொண்டு இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க முறைத்துக்கொண்டு போன கீழ்வீட்டு ஜெர்மன்காரர் எனக்குக் கை காட்டினார். எங்கள் ஆட்களும் சும்மா இருப்பார்களா? ஆற்றங்கரைப் புல்வெளியில் கிரில் போடுவோம், எல்லோரும் வாருங்கள் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. நான் கோழியை ஊறவைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஜக்கெட்டைக் கழற்றியதும் பிடரியில் சூடு பட்டது. அவ்வளவு சந்தோசமாக இருந்தது. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்படிக் கூடினால் வெங்காயமும் மிளகாயும் வெட்டுவது என் வேலை. வழக்கம்போல மேசையில் இருந்து வெட்டத் தொடங்கினேன். ஒரு இளம்பெண் வந்து மெதுவாக என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள்.

"நீங்கள் சும்மா இருங்கோ அன்ரி. நாங்கள் வெட்டுறம்."

வயதுக்கு மரியாதை தருகிறாள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். என்னைப் போல ஒரு மடைச்சி உண்டா? கொஞ்ச நேரத்தில் ஒருவர் கதிரை கொண்டுவந்து போட்டார். என்னோடு அதிகம் பேசாத ஒருவர், "இரவில நித்திரை வருகுதோ?" என்று கேட்டார். இன்னொரு பெண் என் தோளைத் தடவி, "வெயில் வந்திட்டுது அக்கா, இனிச் சுகமாயிடும். ஆனால் மருந்தை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றாள்.

மருந்து. என் வீட்டுக்காரரைத் தவிர அது தெரிந்தவர் ஒரேயொருவர்.

அந்த நேரம் பார்த்து நான் பார்த்துக்கொள்ளும் சிறுமி மஞ்சள் பூ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "இங்க வா, அன்ரி களைச்சுப்போனா" என்று தாய் கூப்பிட்டாள். பிள்ளை கேட்காமல் என் மடியில் ஏறியது. தாய் எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அக்கா சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, ஆருக்குச் சொன்னீங்கள்?"

"நான் ஊருக்குச் சொல்லேல்லை. தாய்க்காரிக்கு மட்டும்தான் சொன்னனான்."

"உங்கட பிள்ளையாணை எண்டு சொன்னீங்கள்."

"சின்னப்பிள்ளை உம்மட கையில நிக்குது. நாளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? கத்தாதையும், சனம் பாக்குது."

நான் கத்தவில்லை. ஆனால் சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஊருக்குத் தெரிந்ததுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. மூன்று மாதம் என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தவர், நான் ஒரு பிள்ளையை என்ன செய்வேனோ என்று யோசித்துக்கொண்டே நடந்திருக்கிறார். அதுதான் நெஞ்சைக் குத்தியது. நறுக்கென்று நாலு வார்த்தை அவரைக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. இனி நான் கோபப்பட்டால் வருத்தம் முற்றிவிட்டது என்பார்கள், சிரித்தால் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். கதிரையில் போய் இருந்து, தந்த கோழியைத் தின்றேன்.

திங்கட்கிழமையும் நல்ல வெயில். இரண்டரைக்குக் கிண்டர்கார்டனுக்குப் போனேன். ஆசிரியை கதவைப் பாதி திறந்துகொண்டு வெளியே வந்தார். பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் பட்டியலிலிருந்து என் பெயரைத் தாயார் இன்று காலை எடுத்துவிட்டாராம். எனக்குச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தார்களாம். சொல்லும்போது அவருடைய முகம் சிவந்துபோனது.

"ஓ, ஓம், மறந்துபோனேன்" என்று ஜெர்மனில் சமாளித்தேன்.

அதற்குள் அவள் என்னைக் கண்டுவிட்டாள். சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"அன்ரி, நானே போட்டிட்டன்!"

ஆசிரியை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "கெட்டிக்காரி" என்று அவளிடம் சொன்னேன். கை காட்டினேன். கதவு சாத்தப்படும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன். அங்கே அழுதிருந்தால் அக்கா சொன்னது சரியென்று ஆகியிருக்கும்.