மேட்டில் இல்லாத கூழாங்கல்

கல்லூரியில் உதவியாளர் வேலை என்றதும், நாற்காலியில் உட்கார்ந்து மணி அடிக்கலாம் என்று நம்பித்தான் அவர் சேர்ந்தார். நிலவியல் துறையில் போட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்கள் மலைப் பள்ளத்தாக்குக்குப் போய், சுத்தியலால் தட்டி எடுக்கிற கல்லையெல்லாம் கீழே பஸ் வரைக்கும் சுமப்பது அவர் தலையில் விழுந்தது. இருபது வருஷத்தில் பிள்ளைகள் வைத்த பெயர் கல்லண்ணன். “சட்டையைத் துவைச்சா தண்ணியில மலையே இறங்குது” என்பாள் மனைவி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பயணத்தில் முட்டிவலி உயிரை எடுத்தது. துறைப் பேராசிரியை பள்ளத்தாக்கின் மேட்டில் எடுத்த கற்களைத் துணிப்பைகளில் போட்டு, எண் எழுதிக் கொடுத்துவிட்டு, மாணவர்களோடு முன்னால் இறங்கிவிட்டார். எண் பையில்தான், கல்லில் இல்லை. கல்லண்ணன் பாதி வழியில் சில பைகளைக் கொட்டினார். கீழே ஆற்றோரம் கைக்கு அகப்பட்ட உருண்டைக் கற்களை அள்ளி நிரப்பினார். கல்லில் என்ன நல்லது கெட்டது என்று நினைத்த மகராசன் அவர்.

அந்த உருண்டைக் கூழாங்கற்களை வைத்துப் பேராசிரியை ஒரு கட்டுரை எழுதினார். ஆறு ஒரு காலத்தில் அவ்வளவு உயரத்தில் ஓடியதாம்; மேட்டில் இடிந்து கிடக்கும் பழைய ஊர் அதன் கரையில் இருந்ததாம். பாராட்டு குவிந்தது. ஆய்வகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். எதற்கென்று கேட்காமலே கல்லண்ணன் இரண்டு எடுத்துத் தின்றார்.

இந்த வருஷம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரும் கூட வந்தார். “அந்தக் கூழாங்கல்லைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றார். பேராசிரியை மேட்டில் மண்டியிட்டுத் தோண்டினார். ஒரு மணி நேரம். வந்ததெல்லாம் கூர் மழுங்காத சில்லுகள். மாணவர்கள் கைகட்டி நின்றார்கள். கல்லண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சொல்ல வாய் திறந்தது. வேலை போய்விடுமே என்று மூடிக்கொண்டது.

பேராசிரியை எழுந்து மாணவர்களைப் பார்த்தார். “நான்தான் இடத்தை மாத்தி எழுதிட்டேன் போல. தப்பு என்னோடது.”

அதைக் கேட்டபின் கல்லண்ணனால் சும்மா நிற்க முடியவில்லை. “நீங்க இல்ல மேடம். நான்தான்” என்று எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார்.

“எந்தெந்தப் பை?” அவ்வளவுதான் கேட்டார் பேராசிரியை.

கல்லண்ணன் யோசித்து யோசித்துப் பார்த்தார். “ஞாபகம் இல்ல மேடம்.”

“அப்போ ஒண்ணையும் நம்ப முடியாது. அத்தனையும் போச்சு.”

திட்டவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இறங்கும் நேரம் வந்தது. பழக்கத்தில் மூட்டைக்குக் குனிந்தார்.

“வேணாம் அண்ணே, நானே தூக்கிக்கறேன்” என்று பேராசிரியை அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ் வரைக்கும் கல்லண்ணன் வெறுங்கையோடு அவர் பின்னால் நடந்தார்.